அல்ட்ராமேனை அடைத்துவைத்த காகிதம்

கமென் ரைடர், சூப்பர் சென்டாய், அல்ட்ராமேன் போன்ற ஜப்பானிய முகமூடி நாயகத் தொடர்களின் ரசிகர்கள் நாலு பேர் எங்கே சேர்ந்தாலும் ஒரு பேச்சு வராமல் போகாது. "ஜப்பான்காரர்களுக்கு இதை வெளியே விற்க மனசே இல்லை. உள்ளூர்ப் பிள்ளைகளும் பொம்மைக் கடையும் போதும் அவர்களுக்கு." இதைச் சொல்பவர்கள் விஷயம் தெரியாதவர்கள் அல்லர். எந்த ரைடருக்கு எத்தனை உருமாற்றம், எந்தப் பெல்ட் எந்த ஆண்டு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனாலும் இந்த ஒரு கருத்தை என்னால் விழுங்க முடிந்ததே இல்லை. விற்க மனமில்லாதவர்கள் 1974-இலேயே ஹவாயில் கிக்கைடர் என்ற ரோபோ நாயகத் தொடரை விற்றிருக்க மாட்டார்கள்.

ஹொனலுலுவின் கிக்கு தொலைக்காட்சி அந்தத் தொடரை ஜப்பானிய ஒலியோடு, கீழே ஆங்கில சப்டைட்டில் போட்டே ஓட்டியது. அந்தத் தீவுகளின் ஒரு தலைமுறை அதிலேயே ஊறிப்போயிற்று. 2002-இல் ஆளுநர் ஏப்ரல் 12-ஆம் தேதியைக் கிக்கைடர் நாளாக அறிவிக்கிற அளவுக்குப் போனது. 1983-இல் கவான் என்ற இன்னொரு ஜப்பானிய நாயகன், 'எக்ஸ்-ஓர்' என்ற பெயரில் பிரெஞ்சுப் பிள்ளைகளின் வீட்டுக்குள் வந்துவிட்டான். பயோமேனும் பின்னாலேயே வந்தது. 1988-இலிருந்து பிரேசிலின் ஹெடே மான்செட்டி தொலைக்காட்சியில் ஜாஸ்பியனும் சேஞ்ச்மேனும் போர்ச்சுகீசியம் பேசினார்கள். அங்கே இன்றைக்கும் நடுவயதுக்காரர்கள் முகப்புப் பாட்டை மனப்பாடமாகப் பாடுவார்கள். நம் பக்கத்தில் எண்பதுகளில் தூர்தர்ஷனில் ஜயன்ட் ரோபோ வந்தது. டோயே என்ற ஜப்பானியப் படநிறுவனம் 1967-68-இல் எடுத்த 26 எபிசோடுகள், ஆங்கில டப்பிங்கில். கைக்கடிகாரத்தில் பேசி ரோபோவை அழைக்கும் பையனைப் பார்த்தவர்கள் பலருக்கு அது ஜப்பானியத் தொடர் என்பதே தெரியாது.

ஆக, விற்றார்கள். நன்றாகவே விற்றார்கள். எதை விற்றார்கள், யாருக்கு எழுதிக் கொடுத்தார்கள், அந்த எழுத்து எப்போது காலாவதியாகும் என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள். ஒரு தொடர் ஏன் நம் கைக்கு வரவில்லை என்று தேடிப் போனால், பத்தில் ஒன்பது முறை ஒரு காகிதத்தில்தான் போய் முட்டுவோம்.

முழுத் தொடரும் துண்டுக் காட்சியும்

விற்பனையில் இரண்டு வகை உண்டு. முடிந்த தொடரை அப்படியே கொடுத்து, டப்பிங்கோ சப்டைட்டிலோ போட்டுக்கொள்ளச் சொல்வது ஒன்று. தொடரின் சண்டைக் காட்சிகளையும் உடைகளையும் ரோபோக்களையும் மட்டும் கொடுத்து, மற்றதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்பது இன்னொன்று. 1993 ஆகஸ்டில் ஃபாக்ஸ் கிட்ஸில் தொடங்கிய பவர் ரேஞ்சர்ஸ் இரண்டாவது வகை. 1992-இல் வந்த சூப்பர் சென்டாய் தொடரான ஜ்யூரேஞ்சரின் சண்டைகள் இருந்தன, ஜப்பானிய நடிகர்களின் முகம் மட்டும் இல்லை. சபான் நிறுவனம் அந்த இடத்தில் அமெரிக்க இளைஞர்களை வைத்து எடுத்தது. ஜெட்டிக்ஸ் சிறுவர் அலைவரிசையில் தமிழ் பேசிய பவர் ரேஞ்சர்ஸ் 'எஸ்பிடி' ஞாபகம் இருக்கிறதா? அதன் அடிப்படை 2004-இன் டெக்காரேஞ்சர். முகமூடி போட்ட பிறகு தெரிகிற சண்டைகளில் பெரும்பங்கு டோக்கியோவைச் சுற்றி எடுக்கப்பட்டவை. முகமூடி கழன்றதும் இடம் நியூஸிலாந்து ஆகிவிடும்.

அதே ஜெட்டிக்ஸில் வந்த ரியுகெண்டோ முதல் வகை. 2006-இல் ஜப்பானில் ஓடிய 52 எபிசோடுத் தொடர். யாரும் மறுபடி எடுக்கவில்லை, ஜப்பானிய நடிகர்களே நம் மொழியில் பேசினார்கள். நம்மூர்ப் பிள்ளைகள் பலருக்கு அசல் டோக்குசாட்சு (தந்திரக் காட்சிகளோடு எடுக்கும் இவ்வகை ஜப்பானியத் தொடர்) என்று முதலில் கண்ணில் பட்டது அதுதான். அப்போது அந்தச் சொல் தெரியாது, அவ்வளவே. ரேஞ்சர்ஸில் இல்லாத ஏதோ ஒன்று இதில் இருக்கிறதே என்று அந்த வயதிலேயே தோன்றியிருந்தால் அது சரியான உணர்வு. அந்தச் சிறு ஊர், அந்தக் காவல் நிலையம், மனிதர்கள் நடந்துகொள்ளும் விதம் எல்லாம் ஒரே கையால் எழுதப்பட்டவை, இரண்டு நாட்டுக் காட்சிகளை ஒட்டுப்போட்டவை அல்ல.

பவர் ரேஞ்சர்ஸ் உரிமை சபானிடமிருந்து 2001-இல் டிஸ்னிக்கும், 2010-இல் மறுபடி சபானுக்கும், 2018-இல் ஹாஸ்ப்ரோவுக்கும் கைமாறியது. மூலமான ஜ்யூரேஞ்சர், ஆங்கில சப்டைட்டிலோடு அமெரிக்காவில் முறையான டிவிடியாக வந்தது 2015-இல், ஷௌட் ஃபேக்டரி வழியாக. நகல் வந்து 22 ஆண்டு கழித்து அசல். கமென் ரைடரின் சிக்கல் வேறு. ஒரே தொடரில் டோயே, இஷிமோரி புரொடக்‌ஷன், ஒளிபரப்பும் தொலைக்காட்சி, விளம்பர நிறுவனம் என்று பல கைகள் இருக்கும். பொம்மை பண்டாய் நிறுவனத்திடம். பாட்டு இசை நிறுவனத்திடம். நடிகரின் முகம் அவருடைய ஏஜென்சியிடம். உள்நாட்டு ஒளிபரப்புக்கு மட்டும் கையெழுத்து வாங்கிய காலத்துத் தொடரை இன்று உலகத்துக்குக் கொடுக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டும். ஒரு கதவு திறக்காவிட்டால் எல்லாம் நின்றுபோகும்.

1976 மார்ச் 4

காகிதம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அல்ட்ராமேனை விட நல்ல உதாரணம் கிடையாது.

தாய்லாந்தின் சோம்போட் சேங்துவென்சாய், அறுபதுகளில் ஜப்பானுக்கு வந்து, அல்ட்ராமேனை உருவாக்கிய எய்ஜி சுபுராயாவிடம் வேலை கற்றவர். ஊர் திரும்பி சாய்யோ என்ற படநிறுவனம் நடத்தினார். 1974-இல் சாய்யோவும் சுபுராயா நிறுவனமும் சேர்ந்து ஒரு படம் எடுத்தன. அதில் அல்ட்ரா சகோதரர்களோடு தோளோடு தோள் நின்று அரக்கர்களை அடிப்பது நம் அனுமன். கோயில் சிலையைத் திருட வந்தவர்களால் சுடப்பட்டுச் சாகும் சிறுவனை அல்ட்ரா தாய் அனுமனாக எழுப்புகிறாள். சிலைத் திருட்டை அன்றாடச் செய்தியாகப் படிக்கிற நமக்கு அந்தத் தொடக்கம் கொஞ்சம் அதிகமாகவே உறைக்கும்.

எய்ஜியின் மகன் நொபொரு சுபுராயா அப்போது நிறுவனத் தலைவர். அவர் 1995-இல் காலமானார். அடுத்த ஆண்டு சோம்போட் ஓர் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு வந்தார். தேதி 1976 மார்ச் 4. அல்ட்ரா கியூ, அல்ட்ராமேன், அல்ட்ராசெவன் தொடங்கி டாரோ வரையிலான தொடர்கள், அனுமன் படம், ஜம்போர்க் ஏஸ் எல்லாம் சேர்த்து, ஜப்பானுக்கு வெளியே உள்ள உரிமை முழுவதும் காலவரம்பில்லாமல் தனக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது என்றார். காகிதத்தில் தொடர்களின் பெயர்கள் சரியாக இல்லை. சுபுராயா நிறுவனத்தின் பெயரே பிழையாக இருந்தது. தன் நிறுவனத்தின் பெயரைத் தவறாக எழுதிய காகிதத்தில் ஒரு தலைவர் கையெழுத்துப் போடுவாரா என்று கேட்கத் தோன்றும். சுபுராயா தரப்பும் அதைத்தான் கேட்டது.

இதற்குப் பின் நடந்ததை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஜப்பானிய நீதிமன்றங்கள் 2003-இலும் 2004-இலும் அந்த ஒப்பந்தம் செல்லும் என்றன. காரணம் முத்திரை. ஜப்பானியச் சட்டத்தில் கையெழுத்தைப் போலவே, பல நேரம் அதைவிட அதிகமாகவே, முத்திரைக்கு எடை உண்டு. பதிந்த முத்திரை உண்மையானது என்றால் காகிதமும் உண்மையானது என்று கொள்வதே அங்கே தொடக்க நிலை. பிழைகள் இருந்தும் முத்திரை ஜெயித்தது. தாய்லாந்து உச்ச நீதிமன்றம் 2008-இல் கையெழுத்தை ஆராய்ந்து, அது போலி என்றது. சொந்த ஊரில் சுபுராயா தோற்றது, எதிராளியின் ஊரில் ஜெயித்தது. அதே ஆண்டு சாய்யோ தன் உரிமையை யூஎம் கார்ப்பரேஷன் என்ற டோக்கியோ நிறுவனத்துக்குக் கைமாற்றியது. வழக்கு 2015-இல் அமெரிக்காவுக்குப் போனது. 2017-இல் கலிஃபோர்னியாவில் ஜூரி ஒப்பந்தம் உண்மையல்ல என்றது, 2018-இல் தீர்ப்பு, 2019 டிசம்பரில் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது.

1996-இலிருந்து 2019 வரை, 23 ஆண்டுகள். ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். அல்ட்ராசெவனை வாங்க வேண்டும். யாரிடம் பணம் கட்டுவது? ஒருவரிடம் கட்டினால் மற்றவர் வழக்குப் போடுவார். ஒரு நாட்டுத் தீர்ப்பைக் காட்டினால் எதிராளி இன்னொரு நாட்டுத் தீர்ப்பைக் காட்டுவார். எந்த வக்கீலும் வேண்டாம் என்றுதான் சொல்வார். சுபுராயாவுக்குச் சிக்கலில்லாமல் விற்க முடிந்தது டிகா போன்ற பிற்காலத் தொடர்களைத்தான். அதனால்தான் சீனாவில் ஒரு தலைமுறைக்கே அல்ட்ராமேன் என்றால் 1996-இன் டிகா. அமெரிக்காவுக்கும் 2002-இல் டிகாதான் போனான். மூத்தவர்கள் வாசலில் நிற்கத் தம்பி உள்ளே போன கதை. இதைப் பார்த்துவிட்டு "விற்க மனமில்லை" என்று சொல்வது, பூட்டிய கதவுக்குப் பின்னால் நிற்பவரைத் திமிர் பிடித்தவர் என்பது மாதிரி.

பூட்டு தளரத் தொடங்கியதும் என்ன நடந்தது என்பதே இதற்குச் சான்று. 2019 ஜூலையில் மில் க்ரீக் நிறுவனம் அல்ட்ரா தொடர்களின் ஏறத்தாழ 1,100 எபிசோடுகளுக்கும் 20 படங்களுக்கும் வட அமெரிக்க உரிமை வாங்கியதாக அறிவித்தது. அக்டோபரிலேயே அல்ட்ரா கியூவும் அல்ட்ராமேனும் ப்ளூ-ரேயாகக் கடைக்கு வந்தன. 2020 ஜூனில் அல்ட்ராமேன் ஸெட் ஜப்பானில் ஒளிபரப்பான அதே காலையில் ஆங்கில சப்டைட்டிலோடு யூடியூபில், காசில்லாமல், உலகத்துக்கே கிடைத்தது.

பார்க்க உட்காரும்போது

புதிய அல்ட்ராமேன் தொடர்கள் டிவி டோக்கியோவில் சனிக்கிழமை காலை 9 மணிக்கு. அதிகாரபூர்வ யூடியூபில் 9.30-க்கு. நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், ஆகவே சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் காலை 6 மணி. எபிசோடு நிரந்தரமாக இருக்காது, ஸெட் காலத்திலிருந்து பழக்கம் இரண்டு வாரம்தான். சேர்த்து வைத்துப் பார்க்கலாம் என்று விட்டால் ஐந்தாவது எபிசோடில் மாட்டிக்கொள்வீர்கள். இன்னொரு பொறி சப்டைட்டில் தேர்வில் இருக்கிறது. பல்சக்கரக் குறியை அழுத்தினால் 'தானாக உருவாக்கப்பட்டது' என்ற ஜப்பானிய வரி ஒன்று தெரியலாம். அதைத் தேர்ந்து ஆங்கிலத்துக்கு மாற்றினால் இயந்திரம் அரக்கர் பெயர்களையெல்லாம் மளிகைச் சாமான் பெயர் மாதிரி ஆக்கிவைக்கும். அந்த அடைமொழி இல்லாத, வெறுமனே ஆங்கிலம் என்று இருக்கிற வரியைத்தான் எடுக்க வேண்டும்.

டோயே மெதுவாகவே வந்தது. 2020 ஏப்ரலில் பழைய தொடர்கள் பலவற்றின் முதல் இரண்டு எபிசோடுகளை மட்டும் யூடியூபில் ருசி காட்டியது. 2022 அக்டோபரில் கமென் ரைடர் பிளாக் சன் பத்து எபிசோடுகளும் பிரைம் வீடியோவில் உலகெங்கும் ஒரே நாளில் வந்தன. அது பெரியவர்களுக்கான ரத்தக் களறி, பிள்ளைகளோடு உட்கார வேண்டாம். வழக்கமான ஞாயிற்றுக்கிழமைத் தொடரே உலகத்தை நினைத்துத் திட்டமிடப்பட்டது 2025 செப்டம்பரின் கமென் ரைடர் ஸெட்ஸில்தான். 1971-இல் பிறந்த ரைடருக்கு 54 ஆண்டு ஆயிற்று.

ஸ்ட்ரீமிங்கில் இருக்கிறதே, வட்டு எதற்கு என்பவர்களுக்கு ஒரு பதில்: ஸ்ட்ரீமிங் உரிமத்துக்குத் தேதி உண்டு, வட்டுக்கு இல்லை. ஆனால் வாங்குமுன், எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்று சொல்லும் மண்டலக் குறியைப் பாருங்கள். டிவிடியில் அமெரிக்கா 1, ஜப்பான் 2, மலேசியாவும் சிங்கப்பூரும் 3, இந்தியாவும் இலங்கையும் 5. ப்ளூ-ரேயில் கதை மாறுகிறது. அமெரிக்கா, ஜப்பான், மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் ஏ. பிரிட்டனும் ஐரோப்பாவும் பி. நாம் சி. கோலாலம்பூரில் வாங்கிய பிளேயரில் அமெரிக்க, ஜப்பானிய ப்ளூ-ரேக்கள் சட்டென்று ஓடும், மதுரையில் வாங்கியதில் ஓடாமல் போகலாம். கணினி டிவிடி டிரைவில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்ற முடியும், ஐந்தாவது முறை வைத்ததே நிலைக்கும். ஜப்பானிய வட்டை ஆசையாக வரவழைப்பவர்கள் இன்னொன்றும் நினைவில் கொள்ளுங்கள்: படத்தரம் கண்ணைப் பறிக்கும், ஆங்கில வரி அநேகமாக இருக்காது.

அல்ட்ராசெவன் பெட்டி வாங்கியவர்கள் 12-ஆம் எபிசோடைக் காணோம் என்று திகைப்பதுண்டு. வட்டில் குறை இல்லை. 49 எபிசோடுகளில் அந்த ஒன்றை 1970-இலிருந்தே சுபுராயா வெளியிடுவதில்லை. அதில் வரும் வேற்றுக்கிரகவாசிக்குச் சிறுவர் பத்திரிகை இணைப்பு ஒன்று 'கதிர்வீச்சுக்கு ஆளானவன்' என்று பொருள்படும் பட்டம் கொடுக்க, ஹிரோஷிமா, நாகசாகியில் தப்பிப் பிழைத்தவர்களின் தரப்பிலிருந்து எழுந்த எதிர்ப்பு நியாயமானது. ஜப்பானில் வாங்கினாலும் 48-தான், அமெரிக்காவில் வாங்கினாலும் 48-தான்.

'ஓரே, சஞ்ஜோ!'

கிடைப்பது பாதி, புரிவது மீதி. 2007-இன் கமென் ரைடர் டென்-ஓவில் சாது இளைஞன் ரியோடாரோவின் உடம்புக்குள் சிவப்புப் பேய் மொமோடாரோஸ் புகுந்ததும் சொல்வது "ஓரே, சஞ்ஜோ!" 'ஓரே' என்பது நெஞ்சை நிமிர்த்திய முரட்டு 'நான்'. 'சஞ்ஜோ' பணிந்து வந்து நிற்பதைக் குறிக்கும் சொல். முரட்டுத்தனமும் நாடகப் பணிவும் ஒரே மூச்சில். அதே உடம்பில் உராடாரோஸ் புகுந்தால் 'நான்' என்பது மெல்லிய 'போகு' ஆகிவிடும். ஆங்கிலத்துக்கு இருப்பது ஒரே ஒரு 'நான்'. நடிகர் சொல்லாலேயே உடம்பை மாற்றிக்கொள்கிறார், கீழே ஓடும் எழுத்தோ எல்லாரையும் ஒரே ஆளாக்கிவிடுகிறது.

அல்ட்ராமேன் ஸெட்டின் முழக்கத்தையும் பாருங்கள்: "கொஷோவா குடசாய், வாரே நோ நா வோ!" பூமி மொழி சரியாக வராதவன் அவன். முதல் பாதி அறிவிப்பாளர் மாதிரி மரியாதை, பின்பாதி அரசன் மாதிரிப் பழந்தோரணை. தமிழில் இது தானாக விழும். "தயவுசெய்து எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள், எம் திருநாமத்தை!" மேடை மைக்கும் கல்வெட்டும் ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறதல்லவா, அதுதான் ஸெட். வா, வாங்க, வாடா, வருக என்று படிப்படியாக வைத்திருக்கும் மொழிக்கு இந்தத் தொடர்களை நேராக ஜப்பானியத்திலிருந்து கொண்டுவந்தால் என்ன ருசி கிடைக்கும் என்று நினைத்தால் ஆற்றாமையாக இருக்கிறது. ஆங்கில வரியை வைத்துத் தமிழாக்கினால் அந்தப் படிகள் வழியிலேயே உதிர்ந்துவிடும்.

வாங்கிய வட்டுக்குத் தமிழ் வரி எழுதிப் பார்ப்பவர்களுக்குச் சில சங்கதிகள். கோப்பை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் சேமிக்காவிட்டால் எழுத்துக்குப் பதில் கேள்விக்குறிகள் வரும். சேமித்தும், தொலைக்காட்சியில் செருகிப் பார்க்கும்போது 'கொ' என்பதன் கொம்பும் காலும் இடம் மாறி நின்றால் கோப்பைத் திருத்தாதீர்கள், குறை அந்தப் பிளேயரில். இந்திய எழுத்துகளை உருவாக்கும் திறன் அதற்கு இல்லை. 'போகிறேன், கொடு, தெளிவு' என்ற மூன்று சொற்களை முதல் வரியாகப் போட்டுச் சோதித்துவிட்டு மிச்சத்தை எழுதுங்கள். வரி தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு முந்தியோ பிந்தியோ வந்தால் விஎல்சி என்ற கணினிப் பிளேயரில் ஜி, ஹெச் விசைகள் 50 மில்லி விநாடி வீதம் நகர்த்தும். போகப்போக விலகல் கூடினால் நகர்த்திப் பயனில்லை, விநாடிக்கு 23.976 சட்டகத்துக்கு எழுதியதை 25 சட்டக ஒளிக்கோப்போடு ஓட்டுகிறீர்கள். 24 நிமிட எபிசோடில் கடைசியில் ஏறத்தாழ ஒரு நிமிடம் பிசகும். நேரக் குறிகள் எல்லாவற்றையும் விகிதப்படி சுருக்க வேண்டும். சண்டை வசனம் இரண்டு விநாடியில் போய்விடும், தமிழ்ச் சொல் நீளம், ஆகவே அடியின் பெயரை மொழிபெயர்க்காமல் ஜப்பானிய உச்சரிப்பிலேயே விடுவது என் கட்சி. பிள்ளைகள் கத்தப் போவது அதைத்தான்.

டப்பிங் ஒலி யாருடையது

ரியுகெண்டோவின் தமிழ்க் குரலைத் தேடுகிறவர்கள் ஏராளம். அங்கேயும் ஒரு காகிதம் நிற்கிறது. டப்பிங் ஒலிநாடா தொடரோடு சேர்ந்த சொத்தன்று. அதைக் காசு கொடுத்துச் செய்வித்தவர் ஒளிபரப்பு நிறுவனமாக இருந்தால், உரிமம் முடிந்ததும் படம் ஜப்பானுக்குத் திரும்பும், குரல் அலமாரியில் தங்கிவிடும். நாளைக்கு ஒருவர் தொடரை மறுபடி வாங்கினாலும் பழைய குரலுக்குத் தனியாகக் கையெழுத்து வேண்டும். புதிதாகப் பேசவைப்பதே மலிவு என்று தோன்றினால் அப்படித்தான் செய்வார்கள்.

ஆகவே, 2009 வாக்கில் டிவி டியூனர் கார்டிலோ விசிஆரிலோ வீட்டில் பிடித்துவைத்த ஜெட்டிக்ஸ் பதிவு எதுவாவது இருந்தால், தேய்ந்த நாடா என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கோப்பாக இருந்தால் வேறு வடிவுக்கு மாற்றாமல் அப்படியே இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுத்துவையுங்கள், ஒவ்வொரு மாற்றத்திலும் ஒலி கொஞ்சம் தேயும். நாடாவாக இருந்தால் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் பிளேயரில் போடவே போடாதீர்கள், தலைப்பகுதியும் கெடும், நாடாவும் அறும். விளம்பரங்களை வெட்ட வேண்டாம், எந்த மாதம் ஒளிபரப்பானது என்பதை அவைதான் காட்டும். கோப்பின் பெயரில் அலைவரிசை, மொழி, ஜப்பானிய வரிசைப்படி எபிசோடு எண் மூன்றையும் எழுதுங்கள். இங்கே ஓடிய வரிசை சில நேரம் வேறாக இருந்திருக்கும், பின்னால் ஒலியைத் தனியே எடுத்து நல்ல படத்தோடு பொருத்துகிறவருக்கு முதலில் தேவைப்படுவது அந்த எண்.